ஜிப்பு வைத்த குடிசை

ஏரியூரில் எங்கள் வீட்டு அறைக் கதவுகள் எதற்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும் இருக்கும். சின்ன வயதில் அந்த ஓட்டைகளில் தீக்குச்சி சொருகி விளையாடியிருக்கிறேன். எல்லாம் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கழற்றி எடுத்தவை. அப்பா இறந்த பிறகு எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர், வந்த வாரமே செய்த முதல் வேலை அதுதான் என்று அம்மா சொல்லுவாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, இவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கதவு கதவாகப் போய்த் திருகிக்கொண்டிருந்தாராம்.

"உள்ள ஒண்ணு இருக்குதில்ல, அது போதும். வெளிய எதுக்கு? யாரப் போட்டு அடைக்கப் போறீங்க?"

வெளிநாட்டில் இருந்து வந்த ஆள், கொஞ்சம் கழன்றிருக்கும் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆட்டுக் கொட்டாயை மட்டும் விட்டு வைத்தார். அதுவும் அம்மா அழுததால்தான்.

அந்தத் தாழ்ப்பாள் வெறுப்புக்கு ஒரு கதை வைத்திருந்தார். ஃபிரான்சில் எங்கோ ஒரு தோட்டத்தில் திராட்சை பறிக்கக் கூலிக்குப் போயிருக்கிறார். பறிக்கிற ஆட்களுக்குப் படுக்க ஒரு நீளமான கொட்டகை. தோட்டக்காரன் இரவானதும் அதை வெளியே இருந்து பூட்டிவிட்டுப் போய்விடுவானாம், ஆட்கள் திராட்சை திருடுவார்கள் என்று. விடிந்து அவன் வந்து திறந்தால்தான் ஒன்றுக்கே போக முடியும். மறுநாள் இவர் கூலியைக்கூட முழுசாக வாங்காமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். ஆற்றங்கரையில் தன் கூடாரத்தை அடித்துப் படுத்தார்.

"அன்னைக்கு முடிவு பண்ணேன். நான் தூங்கற எடத்துக்கு நாந்தான் கதவு" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு திமிர் வரும். எனக்கு அந்தத் திமிர் பிடிக்கும்.

ஏரியூர்க்காரர் ஃபிரான்சுக்கு எப்படிப் போனார் என்று கேட்கலாம். எங்கள் பக்கத்துக் கருங்கல் இத்தாலிக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. கல் கம்பெனி ஒன்று, பாலிஷ் போடும் மெஷினைக் கற்றுக்கொண்டு வா என்று இவரை இத்தாலிக்கு அனுப்பியது. இவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளில், யாரோ பயன்படுத்தித் தூக்கிப்போட இருந்த ஒரு ஆரஞ்சு நிறக் கூடாரத்தைச் சல்லிசாக வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு எதிர்த் திசையில் போய்விட்டார். லாரிக்காரர்களுக்குக் கை காட்டி ஏறுவது, கிடைத்த இடத்தில் கூலி வேலை, கிடைத்த மண்ணில் கூடாரம். இரண்டு கோடைக்காலம் இப்படிச் சுற்றியிருக்கிறார். விசாவை எப்படிச் சமாளித்தீர்கள் மாமா என்று கேட்டால், "மழை வர்ற மாதிரி இருக்குது, துணிய எடு" என்பார்.

மாதம் ஒருமுறை இத்தாலியில் கூட வேலை பார்த்த நண்பனுக்குப் போன் போட்டு, ஊரில் இருந்து தகவல் உண்டா என்று கேட்பது வழக்கமாம். அப்படிக் கேட்ட ஒரு நாளில்தான் அப்பா போன செய்தி தெரிந்தது. நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேன். அண்ணன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். அப்பாவின் உரக்கடை சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நாளைக்குன்னு வந்தேன்." மாமா எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார். யூரியா மூட்டை விலையைச் சொல்லும்போதுகூட. கடைக்கு வருகிறவர்கள் அதையே திருப்பிச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். "என்னா மாப்ள, கொஞ்ச நாள் ஆயிருச்சா?" அவரும் சிரிப்பார். கொஞ்ச நாள் என்பது எனக்குப் பல் விழுந்து முளைக்கிற அளவுக்கு ஆகியிருந்தது.

அவரோடு பஸ்ஸில் போனால் தனி வேடிக்கை. ஒகேனக்கல் போகிற மலைப்பாதையில் எல்லோரும் குரங்கு பார்ப்பார்கள், இவர் மண் பார்ப்பார். "இங்க அடிக்கலாம். அங்க கூடாது, தண்ணி வர்ற வழி. அந்தப் புளியமரத்துக்கு இந்தாண்ட அடிச்சா காலைல வெயில் மூஞ்சில விழும், தானா முழிப்பு வரும்." கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தல் போட்டிருக்கும் இடத்தைக் குதிகாலால் அழுத்திப் பார்ப்பார். கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு வீடு எதுவும் விதிவிலக்கில்லை. ஒருமுறை பென்னாகரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போய் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. வேறு பேச்சுகளும் ஏதோ ஒன்றில் நின்றன. நிற்கவேண்டும் என்றுதான் அவர் மண்ணை மிதித்தார் என்று இப்போது தோன்றுகிறது.

ஐரோப்பாக் கதைகளில் எனக்குப் பிடித்தது களிக் கதை. ஊரில் இருந்து போகும்போதே ஒரு பை கேழ்வரகு மாவு கொண்டுபோயிருக்கிறார். ரொட்டி தின்று தின்று நாக்கு செத்துப்போன ஒரு நாள், மலையடிவாரத்தில் கூடாரங்கள் வரிசையாக இருக்கிற மைதானத்தில், சின்ன ஸ்டவ்வைப் பற்றவைத்து, மரக்கிளை ஒன்றை ஒடித்துத் துடுப்பாக்கி, பாத்திரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு களி கிண்டியிருக்கிறார். பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரக் குடும்பம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரியவர் மட்டும் எழுந்து வந்து, எங்கே பூசப் போகிறீர்கள், உதவி வேண்டுமா என்று கேட்டாராம். "சிமெண்டுன்னே நெனச்சிட்டாங்க. உருண்டை புடிச்சு ஒரு வாய் முழுங்கிக் காட்டுனேன். அந்தம்மா நெஞ்சுல கைய வெச்சுக்கிச்சு." இதைச் சொல்லிவிட்டு மாமா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். சிரித்து முடித்ததும், கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போவார்.

அந்தக் கூடாரம் பரண்மேல் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, சித்திரை வெயிலில், அதை இறக்கி முற்றத்தில் அடித்துக் காயவைப்பார். அந்துருண்டை வாசம் தெருவரைக்கும் வரும். எங்கள் தெருக் குழந்தைகள் அத்தனையும் உள்ளே புகுந்து கும்மாளம் போடுவோம். ஜிப்பை உள்ளிருந்தும் இழுக்கலாம், வெளியிலிருந்தும் இழுக்கலாம் என்பதுதான் எங்களுக்குப் பெரிய அதிசயம். அம்மா அன்றைக்கு முற்றத்துப் பக்கமே வரமாட்டாள்.

"அத எறக்குனாலே எனக்குப் பயமா இருக்குது" என்று ஒருமுறை என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள். "ஒரு நாளைக்கு அத மடிச்சு முதுவுல போட்டுக்கினு போயிருவான். நான் உங்க ரெண்டு பேர வெச்சிக்கினு என்னா பண்ணுவேன்?"

அவள் பயம் கற்பனை இல்லை. மாமா அதை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். "பெரியவன் தலையெடுத்துக் கடையப் பாத்துக்குவான். பாப்பா பெரிய மனுசியாவட்டும், மாமன் செய்யற சீரச் செஞ்சுட்டு நான் கெளம்பிருவேன்." நான் வளர்வதை வீட்டில் இரண்டு பேர் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆசையாக, ஒருவர் பயத்தோடு. பாவாடை குட்டையாகிவிட்டது என்று நான் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

நான் வயதுக்கு வந்தது ஐப்பசி மழையில். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் பச்சைத் தென்னை ஓலை வெட்டி வந்து வீட்டுக்கு வெளியே குடிசை கட்டவேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள்வரை பெண் அதற்குள்தான் இருக்கவேண்டும். வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டிருப்பார்கள். ஆண்கள் முகம் பார்க்கக்கூடாது. மாமா முறையாக ஓலை வெட்டி வந்து கட்டித்தான் கொடுத்தார். அந்த வருடம் போல ஏரியூரில் மழை பெய்து நான் பார்த்ததில்லை. மறுநாளே குடிசை ஒரு பக்கமாகச் சாய்ந்து, நான் பாயோடு நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் அக்கா, என் பெரியத்தை, இந்த விஷயங்களில் சட்டம் தெரிந்தவள். "வூட்டுக்குள்ள விடக்கூடாது. ஆட்டுக் கொட்டாய்ல குந்த வெய்ங்க. ஆட்ட வேற பக்கம் கட்டிக்கலாம். கதவச் சாத்தித் தாப்பா போட்டுட்டா காத்து கருப்பும் அண்டாது" என்றாள்.

எனக்கு அந்தக் கொட்டாய் தெரியும். ஜன்னல் கிடையாது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மாமா மழையில் நனைந்தபடி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே போனார். பரண் ஏணி கிறீச்சிடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் முற்றத்து மேட்டில், தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்து, குதிகாலால் அழுத்திப் பார்த்து, முளை அடிக்கிற சத்தம் கேட்டது.

"இது என்னாடா கூத்து? துணிக் கொட்டாய்ல எந்த ஊருல பொண்ண குந்த வெச்சாங்க?" பெரியத்தை ஆடித் தீர்த்துவிட்டாள்.

"குடிசைய மாமன் கட்டணும். அதான சட்டம்? நாந்தான் மாமன், நாந்தான் கட்டியிருக்கறேன். இதான் குடிசை. வேணும்னா மேல ஒரு ஓலையப் போட்டுக்கோங்க."

அப்படி அவர் வாயால் சொன்னதுதான் வினையாகிப்போனது. பெரியத்தை முனகிக்கொண்டே மேலே ஒரு பச்சை ஓலையைப் போட்டாள். உலக்கையை ஜிப்புக்கு முன்னால் கிடத்தினாள். நான் உள்ளே போனேன்.

உள்ளே ஆரஞ்சு நிற வெளிச்சம். கை காலெல்லாம் ஆரஞ்சாகத் தெரிந்தது. மழை மேலே தடதடவென்று அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஒரு மூலையில் நீலத் துணி வைத்துத் தைத்த ஒட்டு. மெழுகுவத்தி ஒழுகிய தடம். தலைமாட்டில் யாரோ அடித்துக் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு கொசு. எந்த நாட்டுக் கொசுவோ, அதுதான் எனக்குத் துணை. ஆனால் எவ்வளவு நேரம்தான் கொசுவைப் பார்த்துக்கொண்டிருப்பது? நிற்க முடியாது. காலை நீட்டினால் முட்டும். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் உலக்கைக்கு மேலாக உள்ளே வரும், தட்டு வெளியே போகும். பள்ளிக்கூட மணி கேட்கும். மாமா இதற்குள் இரண்டு கோடைக்காலம் சந்தோஷமாக இருந்தார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அவருக்கு அது வீடாக இருந்ததற்குக் காரணம் மறுநாள் அதை மடித்துவிடலாம் என்பதுதான் போல.

துணிச் சுவருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உள்ளே இருப்பவருக்கு எல்லாம் கேட்கும், வெளியே இருப்பவர்களுக்கு அது சுவர் என்றே நினைப்பு. மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் அம்மாவும் பெரியத்தையும் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ்போட்டு புதுசு பண்ணி வந்திருச்சு அண்ணி" என்றாள் அம்மா. "சீரு முடிஞ்சதும் கெளம்பறேங்கறான். பெரியவன் ஓசூரு கம்பெனிக்குப் போறேன்னு நிக்கறான். கடைய யாரு பாக்கறது?"

"கட்டிப் போடணும்னா ஒரு வழிதான் இருக்குது."

"அதத்தான் நானும் நெனைக்கறேன். அக்கா மவதான, மொறைதான. இன்னும் அஞ்சாறு வருசம் போவட்டும். பேச்ச மட்டும் இப்பவே முடிச்சு வெச்சிட்டா எங்கயும் போவ மாட்டான்."

"அவன் வாயால குடிசைன்னு சொல்லியிருக்கறான். தண்ணி ஊத்துற அன்னைக்குக் குடிசைய எரிக்கணும். எரிக்காம, மாமங்காரன் பிரிச்சு மடிச்சு வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போனான்னா, பொண்ணையும் எடுத்துக்கினான்னு அர்த்தம். நாலு பேரு முன்னாடி நான் சொல்லிப்புடறேன். அவன் அத எரிப்பானா? உசுரே போனாலும் எரிக்க மாட்டான்."

எங்கள் பக்கம் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது புதிதில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு வீடுகள் உண்டு. ஆனால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் அவர். எனக்கு அப்பா என்றால் அவர் முகம்தான். வெளியே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஜிப்பைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கத்திவிட்டேன்.

"கத்தாத. பொம்பளப் புள்ள" என்றாள் பெரியத்தை.

மாமாவின் செருப்புச் சத்தம் வந்தது. கூடாரத்துக்கு அந்தப் பக்கம், முற்றத்துக் கட்டிலில்தான் இருந்திருக்கிறார். கொசு வலை வைத்த சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூடாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார்.

"பயப்படாத பாப்பா. பல்லுல துணி மாட்டியிருக்கும். முன்னாடி இழுக்காத. பின்னால தள்ளு. மெதுவா. துணிய இன்னொரு கையில புடிச்சுக்கோ."

நான் அழுதுகொண்டே தள்ளினேன்.

"பயப்படாத. இப்ப உள்ள இருந்து இழுத்துப் பாரு. வருதா?"

"வருது மாமா."

"வருதில்ல. அது போதும். மூடிக்கோ, மழ வரும்."

உடனே அவர் எழுந்து போகவில்லை. முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. கட்டில் இருந்த இடத்தில் இருந்து அம்மா பேசியது கேட்டிருக்குமா என்று நான் மனதுக்குள் தூரத்தை அளந்து பார்த்தேன். கேட்டிருக்கும். எனக்குக் கேட்டது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப்பற்றி அன்றும் பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை.

தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. மழை சுத்தமாக விட்டு வெயில் அடித்தது. சொந்தக்காரர்கள் முற்றம் நிறைய. எனக்குத் தலைக்கு ஊற்றி, தாவணி கட்டி, கொல்லைப்பக்கத்து வாசற்படியில் உட்கார வைத்திருந்தார்கள். மாமா மாப்பிள்ளைபோல வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அதாவது அப்படித்தான் பெரியத்தை சொன்னாள், சத்தமாக.

மாமா கூடாரத்துப் பக்கம் போனார். மேலே கிடந்த காய்ந்த ஓலையை எடுத்து ஓரமாகப் போட்டார். முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மடிக்கப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"தம்பி, நில்லு" என்றாள் பெரியத்தை. "குடிசைன்னு நீதான சொன்ன? குடிசைன்னா எரிக்கணும். மடிச்சு உள்ள எடுத்துக்கினு போனீன்னா என்னா அர்த்தம்னு உனுக்கே தெரியும். எல்லாரும் பாத்துக்கினு இருக்கறாங்க."

முற்றத்தில் சிரிப்பும் கைத்தட்டலும். யாரோ ஒருவர், "மடி மாப்ள, மடி" என்றார். மாமா கூடாரத்தைப் பிடித்தபடி நின்றார்.

அப்போது அம்மா வந்தாள். அந்தக் கூடாரத்தைக் கண்டாலே பயம் என்றவள், அது வெயிலில் காய்கிற நாளில் முற்றத்துக்கே வராதவள், அதன் ஓரத்தைக் கையால் தடவினாள்.

"எரிக்க வேணாம் தம்பி. எத்தன வருசம் பத்தரமா வெச்சிருந்த. மடிச்சு எடுத்து வெச்சுக்கோ. நான் சொல்றேன் இல்ல" என்றாள்.

அம்மாவை அன்றைக்கு வெறுத்தேன். இப்போது வெறுக்க முடியவில்லை. இரண்டு குழந்தைகளோடு அந்த வயதில் தனியாக நின்ற ஒருத்தி வேறு எதைப் பிடித்துக்கொள்வாள்? ஆனால் அன்றைக்கு அவள் குரலில் இருந்த அந்த இனிப்பு, அதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

மாமா அம்மாவைப் பார்த்தார். கொல்லைப்பக்கம் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

"குடிசைன்னா எரிக்கணும் அக்கா" என்றார். "மண்ணெண்ண எங்க இருக்குது?"

யாரும் நகரவில்லை. அவரே போய் எடுத்து வந்தார். காய்ந்த ஓலையைக் கூடாரத்துக்குள் திணித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்தார். அது ஓலைக் குடிசை மாதிரி படபடவென்று எரியவில்லை. முதலில் சுருங்கியது. பிறகு ஓட்டை ஓட்டையாக விரிந்து, நெருப்புச் சொட்டுகளாக ஒழுகியது. கருப்புப் புகை. சகிக்க முடியாத நாற்றம். சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. நீல ஒட்டு, மெழுகுத் தடம், அந்த வெளிநாட்டுக் கொசு எல்லாம் அதில் போயின. மாமா புகைக்கு நடுவில் அசையாமல் நின்றார். முழுக்க அடங்கியதும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கை கழுவிக்கொண்டு சீர்த்தட்டைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"நல்லா படி பாப்பா" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் என் கல்யாணப் பேச்சை யாரும் மாமாவை வைத்து எடுக்கவில்லை. பிடுங்கி வைத்த இரும்பு முளைகளை அம்மா ஆடு கட்ட எடுத்துக்கொண்டாள். நல்ல முளைகள், எவ்வளவு இழுத்தாலும் வராது. மாமா தினமும் காலையில் அதில் ஆட்டைக் கட்டிவிட்டுத்தான் கடைக்குப் போவார்.

"வேற ஒண்ணு வாங்கிக்கலாமே மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாங்கலாம்" என்றார்.

வாங்கவில்லை. அண்ணன் ஓசூருக்குப் போனான். கடை இருந்தது. அடுத்து அம்மாவுக்குச் சர்க்கரை, கால் புண். பிறகு நான் தர்மபுரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். மாமாவை யாரும் நில் என்று சொன்னதில்லை. ஒவ்வொருவரும் ஒரு வேலையை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தோம். "கொஞ்ச நாளைக்குன்னு வந்தேன்" என்பதை அவர் எப்போது சொல்லாமல் விட்டார் என்று எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் மண் பார்ப்பதையும் விட்டுவிட்டார். ஜன்னலோர இடம் கிடைத்தால் தூங்கிவிடுவார். அது எனக்கு வலித்தது. நான் விடுபட்டதற்கு அவர் கொடுத்தது என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

பாங்கில் வேலை கிடைத்து, கம்பைநல்லூரில் வாழ்க்கைப்பட்டேன். கணவர் நல்லவர், தன் அம்மா பேச்சைத் தட்டமாட்டார். முன் கதவு, கிரில் கேட், மாடிப்படிக் கதவு மூன்றின் சாவியும் என் மாமியார் இடுப்பில் இருக்கும். சம்பளம் வாங்குகிறவள்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகக்கூட "எங்க, எப்ப வருவ" என்று கேட்டுத்தான் கேட் திறக்கும். பழகிவிட்டது. பழகிவிட்டதே என்றுதான் சில நாள் பயமாக இருக்கும்.

போன வருடம் என் மகள் வயதுக்கு வந்தாள். இப்போது யார் ஓலை வெட்டுகிறார்கள்? அண்ணன் ஓசூரில் இருந்தபடியே போனில் டெக்கரேஷன் ஆட்களுக்குச் சொல்லிவிட்டான். தெர்மாகோலில் செய்த குடிசை, சீரியல் லைட், போட்டோவுக்கு மட்டும். அதுவரை மகள் பின்பக்க அறையில் இருந்தாள். போன் சார்ஜர் எங்கே, தண்ணீர் எங்கே என்று சும்மா சும்மா வெளியே வருகிறாள் என்று மாமியார் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். நான் பாங்கில் இருந்து வந்தபோது அது போட்டிருந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். காபி போடப் போய்விட்டேன்.

மாமா மறுநாள் வந்தார். ஏரியூரில் இருந்து மூன்று பஸ் மாறி, முட்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். பழத்தட்டை வைத்தார். "பாப்பா எங்க?" என்றார். நான் அறையைக் காட்டினேன். உள்ளே இருந்து மகள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, தொற. பாத்ரூம் போணும்."

மாமா அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தபடி நின்றார். சம்பந்தியம்மாவைக் கும்பிடவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. முற்றத்தில் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனிடம் போய், "தம்பி, ஸ்குரூ டிரைவர் கொஞ்சம் குடு" என்றார்.

திரும்பி வந்து, தாழ்ப்பாள் கம்பியை விலக்கினார். கதவைப் பிடித்தபடியே, "ஒரு நிமிசம் பாப்பா" என்று சொல்லிவிட்டுத் திருக ஆரம்பித்தார். ஒரு திருகாணி வந்தது, இன்னொன்றும் வந்தது. அடுத்தது துரு. அவர் கையில் ஸ்குரூ டிரைவர் வழுக்கி வழுக்கிக் கதவைக் கீறியது. ஒரு காலத்தில் வீடு முழுக்கக் கழற்றிய கை.

"என்னாங்க பண்றீங்க?" என்றார்கள் மாமியார். "கதவு பாழாவுது. அத எடுத்துட்டா பொண்ணு நெனச்சப்பல்லாம் வெளிய வந்துரும்ங்க."

"வந்தா வரட்டும்ங்க" என்றார் மாமா.

அவரால் முடியவில்லை. மூச்சு வாங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று கொல்லைப்பக்கம் பார்க்காத அந்தப் பார்வையை இப்போதுதான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. நான் அவர் கையில் இருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கினேன். மாமியார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேட்டது. மணிக்கட்டு வலிக்கத் திருகினேன். மிச்சம் இருந்தவையும் வந்துவிட்டன. தாழ்ப்பாள் தரையில் விழுந்த சத்தத்துக்கு எலக்ட்ரீஷியன்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மாமா கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். வழக்கம் வழக்கம்தான் அவருக்கு. முட்டியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டார்.

"பாப்பா, இப்ப உள்ள இருந்து இழுத்துப் பாரு. வருதா?"

"வருது தாத்தா" என்றாள் என் மகள்.